பாலர் பள்ளி தேடும் பெற்றோருக்கு: மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை

கிறிஸ்து பிறப்பு விழாவும் மூன்று இராஜாக்கள் திருநாளும் முடிந்துவிட்டால், பங்குச் சுவாமியாரின் அலுவலறைக்கு முன் ஒரு புதிய வரிசை நிற்கத் தொடங்கும். எல்லாரும் இளம் பெற்றோர்கள். கையில் ஞானஸ்நானச் சான்றிதழ், இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. எல்.கே.ஜி. வகுப்பில் இடம் வேண்டும், அதற்குச் சுவாமியார் ஒரு சிபாரிசுக் கடிதம் தரவேண்டும் என்பது கோரிக்கை. எந்தப் பள்ளி, ஏன் அந்தப் பள்ளி என்று கேட்டால், அங்கே ஆங்கிலம் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்பார்கள். வேன் வாசலுக்கே வருகிறது என்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கேதான் போகிறது என்பார்கள். சிலர் மட்டும், அது மாண்டிசோரி பள்ளி சுவாமி என்று சற்றுப் பெருமையோடு சொல்வார்கள். மாண்டிசோரி என்றால் என்ன என்று கேட்டால் பதில் வராது. ஊர்ப் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு.

அது ஒரு பெண்மணியின் பெயர். அவர் கத்தோலிக்கர். நம் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். பிள்ளையை முதன்முதலாக வீட்டைவிட்டு வெளியே அனுப்பப் போகும் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே நல்ல பதிலாக இருப்பதால், இந்த ஜூபிலி மலரில் அதைச் சொல்ல எண்ணினேன்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் அங்கோனா மாநிலத்திலுள்ள கியாரவால்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய பழக்க வழக்கங்களில் ஊறியவர். தாய் ரெனில்டே அந்நாளில் பெண்களுக்கு அரிதான அளவு படித்தவர். ஒரே மகள். 1875-இல் குடும்பம் உரோமைக்குக் குடிபெயர்ந்தது. பெண்பிள்ளைக்கு ஆசிரியை வேலையே போதும் என்பது அன்றைய எண்ணம். மரியாவோ ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணிதம் கற்றார். பிறகு மருத்துவம் படிப்பேன் என்று நின்றார். தந்தைக்கு விருப்பமில்லை. தாய் துணை நின்றார். பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் நிற்பது தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் போனபிறகு மாலை நேரத்தில் பிணவறையில் தனியாக நின்று படிக்க வேண்டியிருந்தது. 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களுள் ஒருவரானார். தந்தையும் பின்னர் மனம் இளகினார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக உரோமையின் மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வந்தார். அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. தொட்டுப் பார்க்கவும் எடுத்துப் பார்க்கவும் ஒரு பொருளும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் தவழ்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் கண்டு, அவர்களின் பெருந்தீனியைப் பார் என்று காவல் பெண் அருவருத்தாள். அம்மையார் கண்டது வேறு. வயிற்றுக்காக அல்ல, கைக்காக அந்தப் பிள்ளைகள் பசித்திருந்தார்கள். பிடிக்கவும் உருட்டவும் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தத் துணுக்குதான்.

இத்தார், செகேன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை அவர் தேடிப் படித்தார். 1900-இல் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று உரோமையில் தொடங்கியபோது, டாக்டர் மொன்தெசானோவோடு சேர்ந்து அதை நடத்தினார். மரத்தில் உருளைகளும் கட்டைகளும் எழுத்துகளும் செய்து பிள்ளைகள் கையில் கொடுத்துக் கற்பித்தார். எதற்கும் உதவார் என்று தள்ளப்பட்டவர்களில் சிலர், சாதாரணப் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் தேர்வில் உட்கார்ந்து தேறினார்கள். எல்லாரும் புகழ்ந்தார்கள். அம்மையாருக்கோ கவலை வந்தது. இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தேறினார்கள் என்றால், நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்று அவர் சிந்தித்தார்.

இங்கே ஒரு துயரமான செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்டர் மொன்தெசானோவுக்கும் அவருக்கும் 1898-இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. மொன்தெசானோ வேறு ஒருத்தியை மணந்தார்; அம்மையார் அந்தப் பள்ளியை விட்டு விலகினார். பிள்ளையோ நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தான். தன் தாய் இறந்த பிறகுதான், மாரியோவுக்குப் பதினைந்து வயதாகும் வேளையில், அம்மையார் அவனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அதன்பின்னும் நெடுங்காலம் உறவுப் பையன் என்றே ஊருக்குச் சொல்லப்பட்டது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு தேடிய தாய், தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்க முடியாமல் போனார். இதைச் சொல்வது அவரைத் தாழ்த்துவதற்கல்ல. பிள்ளையின் முதல் ஆறு ஆண்டுகள் திரும்பி வராதவை என்று அவர் எழுதியதெல்லாம் வெறும் புத்தகப் படிப்பில் வந்ததல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

உரோமையில் புனித லாரன்சின் பேராலயத்தை ஒட்டிய பகுதிக்குச் சான் லொரென்சோ என்று பெயர். வீடு கட்டும் வியாபாரம் நொடித்துப்போய்ப் பாதியில் நின்ற கட்டடங்களில் ஏழைகள் கும்பலாகக் குடியேறியிருந்த இடம் அது. ஒரு கட்டடக் கம்பெனி அவற்றை வாங்கிப் பழுது பார்த்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாய் தகப்பன் இருவரும் விடிந்ததும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதுக்கு வராத பிள்ளைகள் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் திரிந்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. கம்பெனியின் தலைவர் தலாமோ கணக்குப் போட்டார். சுவரைத் திரும்பத் திரும்பப் பழுது பார்ப்பதைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து ஒருவர் பார்த்துக்கொள்வது மலிவு. அதற்கு மாண்டிசோரி அம்மையாரை அழைத்தார். உலகப் புகழ்பெற்ற பாலர் பள்ளி சுவர்ச் சுண்ணாம்புக் கணக்கில் பிறந்தது என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆண்டவர் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் என்று நம்புகிற நமக்கு அதில் வியப்பில்லை.

1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, மார்சித் தெரு 58-ஆம் எண் கட்டடத்தில் அந்த அறை திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். மூன்று வயது முதல் ஆறு வயது வரை. அழுகையும் பயமுமாக வந்தார்கள். அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர் வந்தது. பள்ளி என்று சொல்லாமல் இல்லம் என்றதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இல்லத்தின் சுவரில் ஓர் அறிக்கை தொங்கியது. அதை நம் பங்கின் ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டணம் கிடையாது. ஆனால் கடமை உண்டு. பிள்ளை குளித்துச் சுத்தமான உடையோடு வரவேண்டும். பெற்றோர் ஆசிரியைக்கு மரியாதை காட்டி, பிள்ளை வளர்ப்பில் அவரோடு ஒத்துழைக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது தாய் வந்து ஆசிரியையோடு பேசி, வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லி, அவர் கூறும் யோசனையைக் கேட்க வேண்டும். கழுவாமல் கிழிசலோடு அனுப்பப்படும் பிள்ளையும், அடங்காத பிள்ளையும், ஆசிரியையை மதிக்காமல் நடக்கும் பெற்றோரின் பிள்ளையும் நீக்கப்படலாம். ஆசிரியையும் அதே கட்டடத்தில்தான் குடியிருந்தார். எந்தத் தாயும் எந்த நேரத்திலும் இறங்கி வந்து தன் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

இன்று நாம் பிள்ளையை விடும் இடங்களில் எத்தனையில் பெற்றோர் வாயிற்கதவைத் தாண்ட முடிகிறது? பணம் கட்டும் நாளில் அலுவலகம் வரை போகலாம். ஆண்டு விழாவில் மேடையைப் பார்க்கலாம். வகுப்பு நடக்கும்போது அரைமணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? கேட்டால் என்ன பதில் வருகிறது என்பதிலேயே அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மறுபாதி உள்ளே இருக்கிறது. அம்மையார் பெஞ்சுகளை அகற்றினார். பிள்ளையே தூக்கி நகர்த்தக்கூடிய சிறு மேசை நாற்காலிகள் செய்வித்தார். கை எட்டும் உயரத்தில் முகம் கழுவும் தொட்டி. பொருள்களை முதலில் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஆசிரியை அதைப் பூட்ட மறந்துபோனார். பிள்ளைகள் தாங்களாகவே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தன. திருட்டுப் புத்தி என்று ஆசிரியை நினைத்தார். எது தனக்கு வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்று அம்மையார் கண்டார். அன்று முதல் பூட்டில்லாத தாழ்ந்த தட்டுகள் வந்தன.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டைத் துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடவைத்தார், அவள் நிமிரவில்லை. அவள் இருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார்; மடியில் உருளைகளை வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானே நிறுத்தி, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள்போலச் சிரித்தாள். சிறு பிள்ளைகளுக்கு ஒன்றில் கவனம் நிற்காது என்று நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பது அன்று அவர்முன் பொய்த்தது.

மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, பிறர் பார்க்காமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எண்ணினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தன. மூக்கு ஒழுகுகிறது என்று அதுவரை எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தார்களே ஒழிய, ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பரிசையும் தண்டனையையும் பற்றியும் ஒன்று நடந்தது. நன்றாக வேலை செய்த பையன் கழுத்தில் ஆசிரியை ஒரு வெள்ளிச் சிலுவைப் பதக்கத்தைத் தொங்கவிட்டிருந்தார். தண்டனை பெற்ற பையன் நாற்காலியில் சும்மா இருந்தான். வேலையாய் நடந்தவனின் பதக்கம் கீழே விழுந்தது. தண்டனைக்காரன் எடுத்துக் கேட்டபோது, நீயே வைத்துக்கொள் என்பதுபோல் விட்டுவிட்டு அவன் தன் வேலையைப் பார்க்கப் போனான். முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று நான்கு வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ் அச்சடிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

எழுத்துக் கதைக்கு வருகிறேன். பெற்றோருக்கு அதுதானே முக்கியம். இவ்வளவு சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்க அம்மையாருக்கு முதலில் எண்ணமில்லை. கேட்டவர்கள் தாய்மார், அவர்களில் பலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். தங்கள் பிள்ளை படிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அம்மையார் அவர்கள் ஆசையைத் தள்ளவில்லை. ஆனால் சிலேட்டையும் பலப்பத்தையும் கொடுத்து நாள் முழுதும் எழுதிவா என்று விரட்டவும் இல்லை. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை விரலால் அதைத் தடவி, அதன் ஒலியைச் சொல்லியது. வேறொரு வேளையில் உலோகச் சட்டங்களுக்குள் கோடு வரைந்து நிரப்பிப் பென்சில் பிடிக்கக் கை பழகியது. மாதங்கள் சென்றன. டிசம்பர் மாதத்தில் வெயில் அடித்த ஒருநாள் மொட்டைமாடியில், ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியைப் படம் வரையச் சொன்னார். வரைந்தான். பாராட்டினார். உடனே அவன் தனக்கு எழுதத் தெரியும் என்று கூவிக்கொண்டு தரையில் கை, புகைபோக்கி, கூரை என்ற சொற்களை எழுதினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணாம்புக்கட்டி கேட்டன. எழுதிப் பார்க்காமலே எழுதக் கற்றிருந்தார்கள். ஏனெனில் கை முதலில் ஆயத்தமாகியிருந்தது.

அறிவில் நுழைவது எதுவும் முதலில் புலன்களின் வழியாகத்தான் நுழைகிறது என்று குருமடத்துத் தத்துவ வகுப்பில் புனித தாமஸ் அக்குவினாசைப் பின்பற்றிப் படித்தோம். இலத்தீனில் மனப்பாடம் செய்த அந்தப் பாடத்தை உப்புத்தாளிலும் மரக்கட்டையிலும் செய்துவைத்தவர் இந்த அம்மையார்தான். நம் வீடுகளிலோ, மூன்றரை வயதுப் பிள்ளை இரவு எட்டு மணிக்கு அழுதுகொண்டே நான்குகோடு நோட்டில் ஒரு பக்கம் ஏ எழுதுகிறது. தாய் பக்கத்தில் ஸ்கேலோடு உட்கார்ந்திருக்கிறார். பிடிக்கப் பலமில்லாத விரலைப் பிடித்து எழுதவைத்து அதைப் படிப்பு என்கிறோம். வீட்டுப்பாடம் அதிகம் கொடுக்கும் பாலர் பள்ளியே நல்ல பள்ளி என்று தேடிப் போகிறவர்களை நான் அறிவேன்.

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தென் இத்தாலியில் மெசீனா நகரைப் பூகம்பம் அழித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளில் ஏறக்குறைய அறுபது பேர் உரோமையில் ஜூஸ்தித் தெருவிலிருந்த மரியாயின் பிரான்சிஸ்கு மிஷனெரிக் கன்னியர் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பலருக்குப் பேச்சு நின்றிருந்தது, சாப்பிடவில்லை, இரவில் அலறினார்கள். அந்த மடத்தில் அம்மையாரின் முறைப்படி ஓர் இல்லம் ஏற்பட்டது. பூந்தொட்டி, சிறு மேசை, வண்ணத் தட்டு, சாப்பாடு பரிமாறும் வேலை, பாத்திரம் கழுவும் வேலை, தோட்ட வேலை. கன்னியர் பொறுமையாகச் செய்து காட்ட, பிள்ளைகள் செய்தன. கொஞ்சங் கொஞ்சமாகச் சிரிப்பு திரும்பியது. ஆசிரியைகளுக்கான பயிற்சியும் அந்த மடத்திலேயே நடந்தது.

1909-இல் அவருடைய முதற் பெரிய நூல் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913-இல் அமெரிக்கா சென்றார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டு, பிள்ளைகள் வேலை செய்வதை மக்கள் வெளியே நின்று பார்த்தார்கள். எதிர்ப்பும் வந்தது. கருவிகளைக் கொண்டு கட்டுப்படுத்துகிறார் என்றும், கற்பனைக்கு இடமில்லை என்றும் அமெரிக்கப் பேராசிரியர்கள் சொன்னார்கள். அந்நாட்டில் அவர் புகழ் சில ஆண்டுகளிலேயே மங்கிப்போனது. கத்தோலிக்கரிலும் சிலர், பிள்ளைக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுப்பது ஜென்மப் பாவத்தை மறந்த போதனை என்று குறை கூறினார்கள். ஆனால் அவருடைய வகுப்பில் சுதந்திரம் என்றால் குதித்துத் திரிவதல்ல. எடுத்ததை எடுத்த இடத்தில் வை, அடுத்தவன் வேலையில் கைவைக்காதே, ஒரே ஒரு பொருள்தான் இருந்தால் உன் முறை வரும்வரை காத்திரு என்பவை அங்கே கண்டிப்பான சட்டங்கள்.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனாவில் அவர் செய்த ஒன்று நம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயன்படும். அங்கே பிள்ளைகளுக்குச் சிறு நாற்காலிகளோடு ஒரு தனி ஆலய அறை அமைத்தார். பிள்ளைகள் நிலத்தில் கோதுமை விதைத்தார்கள், திராட்சைக் கொடியைப் பேணினார்கள், அறுவடையைக் கொண்டாடினார்கள். திருப்பலியின் அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் கையால் அறிந்தார்கள். அவர் வழியைப் பின்பற்றியவர்கள் 1954 முதல் உரோமையில் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வி இன்று பல நாடுகளில் நடக்கிறது.

இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்ததும் முதலில் அவர் பள்ளிகளுக்கு ஆதரவு அளித்தான். அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். அது அவர் வரலாற்றில் எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனால் பிள்ளைகளைப் பட்டாளத்து உடைக்குள் புகுத்த முற்பட்டபோது ஒத்துப்போகவில்லை. 1934-இல் முறிவு ஏற்பட்டு இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் மூடியது. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வரவே, பார்சிலோனாவிலிருந்தும் வெளியேறி ஹாலந்து நாட்டில் தங்கினார். தானாக யோசிக்கும் நான்கு வயதுப் பிள்ளையைக் கண்டு சர்வாதிகாரிகள் பயந்தது நியாயந்தான்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில், அறுபத்தொன்பது வயதில், மாரியோவோடு சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாகத் திட்டம். அடையாற்றில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இத்தாலியர் எல்லாரும் எதிரிகள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தைவிட்டு வெளியேறாமல் வைத்தார்கள். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அவருக்குக் கொடுக்கக்கூடிய நல்ல பரிசு அவர் மகனைத் திருப்பித் தருவதே என்று எண்ணியதாக அதில் இருந்தது. மகன் என்றே எழுதியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊரறியச் சொல்லாதிருந்த உறவு, அடையாற்றில் ஒரு அரசாங்கத் தந்தியில் வெளிப்பட்டது.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே ஒரு சிறு பள்ளி நடந்தது. பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். மலைச் செடிகளையும் பூச்சிகளையும் பாறைகளையும் பார்த்து, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பாடங்களை அங்கேதான் விரிவாக வகுத்தார். 1944-இல் இலங்கை சென்றும் பயிற்சி நடத்தினார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, 1947-இல் மறுபடி வந்து 1949 வரை இருந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் ஆயிரத்துக்கு மேல். பிள்ளையின் மனம் முதல் மூன்று ஆண்டுகளில் தன்னைச் சுற்றியுள்ள மொழியையும் பழக்கத்தையும் எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று கூறும் அவருடைய பெயர்பெற்ற நூல் 1949-இல் சென்னையில்தான் முதலில் அச்சேறியது. பிரம்மஞான சபையாரோடு தங்கியதால் அவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று அந்நாளில் பேசியவர்கள் உண்டு. விருந்தினராய் இருந்த வீட்டைக்கொண்டு அவரை எடைபோட்டார்கள். அவர் கத்தோலிக்கராகவே இறந்தார்.

காந்தியடிகள் 1931-இல் இலண்டனில் அவரைச் சந்தித்தபோது, இந்தக் கல்வி கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற தம் கவலையைத் தெரிவித்தார். அந்தக் கவலை இன்றும் தீரவில்லை. தொழிலாளர் பிள்ளைகளுக்காகக் கட்டணமின்றித் தொடங்கிய இல்லத்தின் பெயர், இன்று வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்ட வேண்டிய கட்டணத்தோடு பலகையில் தொங்குகிறது. அந்தப் பெயர் யாருடைய சொத்தும் அல்ல. அமெரிக்காவில் 1967-இலேயே அது பொதுப்பெயர் என்று தீர்ப்பாயிற்று. எந்தக் கட்டடத்திலும் யாரும் அதை எழுதி வைக்கலாம். ஆகவே பலகையைப் பார்க்காதீர்கள், உள்ளே போங்கள். பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றனவா, அல்லது விருந்தாளிக்குக் காட்டக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆசிரியை எந்நேரமும் கத்துகிறாரா, சற்று ஒதுங்கி நின்று கவனிக்கிறாரா என்று பாருங்கள். மூன்று வயதும் ஐந்து வயதும் கலந்திருக்கும் அறையில் பெரியது சின்னதுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறதா என்று பாருங்கள். அமைதி பயத்தால் வந்ததா, வேலையால் வந்ததா என்பது பிள்ளையின் முகத்திலேயே தெரியும். நம் தெருமுனை அங்கன்வாடியில் பாட்டும் கதையும் மணலும் விதையும் கொண்டு பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்திருக்கும் ஆயா ஒருவர் இருந்தால், அவரிடம் அனுப்புவதில் ஒரு குறைவும் இல்லை. அதற்குச் சுவாமியாரின் கடிதமும் தேவையில்லை.

அம்மையாரின் பெயர் 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் சமாதானப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், ஹாலந்து நாட்டின் கடற்கரை ஊராகிய நோர்த்வைக்கில், ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவது பற்றி மாரியோவோடு பேசிக்கொண்டிருந்த அன்றே இறந்தார். எண்பத்தொரு வயது. அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உரோமையில் அவர் பெற்றோரின் கல்லறை, சான் லொரென்சோ பகுதியை ஒட்டிய வெரானோ கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. மகள் தொலைவில், தான் நேசித்த நாட்டைவிட்டு வேறொரு மண்ணில் துயில்கிறார் என்று அங்கே ஒரு கல்லில் பொறித்திருக்கிறார்கள்.